கற்றை முடியும் இடம்: திறந்தவெளி லேசர் காட்சிகளின் பாதுகாப்புக் கணக்கு

2008 ஜூலையில் ரஷ்யாவின் விளாதிமிர் மாகாணத்தில், மாஸ்கோவிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள கிர்ஷாச் நகரின் அருகே, ‘அக்வாமரின்’ என்ற பெயரில் திறந்தவெளி இசை விழா ஒன்று இரவு முழுக்க நடந்தது. வானத்தை நோக்கி ஏவுவதற்கென ஆற்றல்மிக்க லேசர்கள் கொண்டுவரப்பட்டிருந்தன. மழை பெய்ததால் கூட்டத்தின் தலைக்குமேல் பெரிய கூடாரங்களை எழுப்பினார்கள். ஆனால் லேசர் காட்சியை நிறுத்தவில்லை. மேகங்களுக்கு அப்பால் போயிருக்க வேண்டிய ஒளி கூடாரத்துக்குள் சிதறி, ஆடிக்கொண்டிருந்தவர்களின் கண்களுக்குள் பாய்ந்தது. ஏறத்தாழ முப்பது பேர் விழித்திரைக் காயங்களுடன் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்களில் சிலர் இழந்த பார்வை திரும்பக் கிடைக்கக்கூடியதன்று.

அந்த விழாவில் கருவியோ அதன் ஆற்றலோ மாறவில்லை. கற்றை போய் முடிய வேண்டிய இடம் மட்டும்தான் மாறியது. திறந்தவெளி லேசர் காட்சிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது எத்தனை வாட், எந்த நிறம், எந்த நிறுவனத்தின் கருவி என்றே பெரும்பாலும் கேட்கிறோம். அவையும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்பாகக் கேட்க வேண்டியது, கருவியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கற்றையும் எதில் மோதி முடிகிறது என்பது. அரங்கத்துக்குள் அதற்குச் சுவர் விடை சொல்லிவிடுகிறது. வெட்டவெளியில் விடையை மனிதர்கள்தான் முன்கூட்டியே வகுத்து வைக்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. கோயில் கோபுரம், கோட்டைச் சுவர், சிலை ஆகியவற்றின்மேல் படங்கள் ஓடும் நிகழ்ச்சிகளையும் நம் ஊரில் ‘லேசர் ஷோ’ என்றே விளம்பரப்படுத்துகிறார்கள். அவற்றில் பல, வீடியோ புரொஜெக்டரைக் கொண்டு செய்யப்படுபவை. புரொஜெக்டருக்குள் ஒளிமூலமாக லேசர் இருந்தாலும், வெளியே வரும்போது அந்த ஒளி அகன்று விரிந்துவிடுகிறது. அதிலும் அருகில் நின்று வில்லையை உற்றுப் பார்த்தால் ஆபத்து உண்டு. அதற்குத் தனித் தரநிலைகளும் உள்ளன. இந்தக் கட்டுரை பேசுவது விரியாமல் நெடுந்தூரம் செல்லும் கற்றைகளைப் பற்றி, அதாவது வானில் ஒளித்தூண்களாக நிற்பவை, கூட்டத்தின் மேல் விசிறியாக அசைபவை, மலைமுகத்தில் கோட்டோவியம் தீட்டுபவை ஆகியவற்றைப் பற்றி.

லேசரைக் காட்சிக் கலையாக ஆக்கியதில் 1973 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் கிரிஃபித் வானாய்வுக்கூடத்தில் ஐவன் டிரையர் தொடங்கிய ‘லேசேரியம்’ நிகழ்ச்சிக்கு முதன்மையான இடம் உண்டு. தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்து அப்போது பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தத் தலைமுறையின் பெரிய காட்சிகள் ஆர்கான், கிரிப்டான் வாயு லேசர்களை நம்பியிருந்தன. உள்ளே செலுத்தும் மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஒளியாக மாறாத கருவிகள் அவை. 20 வாட் ஒளி வேண்டுமென்றால் பல பத்துக் கிலோவாட் மும்முனை மின்சாரமும், இடைவிடாமல் ஓடும் குளிர்நீரும், கருவியின் குணமறிந்த பொறியாளரும் தேவைப்பட்டார்கள். அந்தச் செலவும் சிரமமும் யாரும் சட்டமாக எழுதாத பாதுகாப்பு ஏற்பாடாக இருந்தன, ஏனெனில் பயிற்சியில்லாதவர் அந்தக் கருவியின் அருகே போகவே வாய்ப்பில்லை. இன்று குறைகடத்தி டையோடுகள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தருகின்றன. 20 வாட் லேசர் ஒரு பெட்டிக்குள் அடங்கி, வீட்டு மின்செருகியில் ஓடி, வாடகைக்கும் கிடைக்கிறது. ஆற்றல் மலிந்த வேகத்தில் அறிவு பரவவில்லை. இத்துறையின் இன்றைய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கணிப்பு.

கண்ணின் கதை எளிமையானது, அதே அளவுக்குக் கடுமையானதும்கூட. இணையாக வரும் லேசர் ஒளியைக் கண்ணின் வில்லை விழித்திரையில் மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கிறது. கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான விழிவெண்படலத்தில் விழும் ஒளிச்செறிவு விழித்திரையை அடையும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்காகப் பெருகிவிடும். ஒளியை நேராக நோக்கும்போது அந்தப் புள்ளி விழுவது, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நாம் பயன்படுத்தும் நடுப்பகுதியான மேக்குலாவில். பிரகாசமான ஒளி பட்டதும் கால் விநாடிக்குள் இமை மூடிக்கொள்ளும் அல்லது தலை திரும்பிவிடும் என்ற கணக்கில், பார்வைக்குத் தெரியும் தொடர் லேசருக்கு அனுமதிக்கத்தக்க உச்ச அளவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 25 வாட் என்று வகுத்திருக்கிறார்கள். இருளில் விரிந்த, 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாவைக்குள் இந்தச் செறிவில் நுழையக்கூடியது ஏறத்தாழ 1 மில்லிவாட். லேசர்களை ஆபத்தின் அளவுப்படி வகை 1 முதல் வகை 4 வரை பிரிக்கிறார்கள்; அவற்றில் வகை 2 லேசர்களின் உச்சவரம்பு 1 மில்லிவாட்டாக இருப்பதற்கு இதுவே அடிப்படை. 500 மில்லிவாட்டைத் தாண்டினால் வகை 4. திறந்தவெளிக் காட்சிக்கென வரும் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே வகை 4-இல் அடங்கும், அதாவது நேரடிக் கற்றை மட்டுமன்றி அருகிலுள்ள பரப்பில் பட்டுச் சிதறும் ஒளியும் தீங்கு செய்யக்கூடிய வகை; துணியையும் தோலையும் கருக்கக்கூடிய வகை.

இந்த எண்களைத் தொலைவாக மாற்றிப் பார்க்கும்போதுதான் திறந்தவெளியின் தன்மை விளங்குகிறது. 20 வாட் கற்றை ஒன்று 1 மில்லிரேடியன் அளவுக்கு விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் போனால் அது ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டமாகும். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.785 சதுர மீட்டர், செறிவு சதுர மீட்டருக்குச் சற்றேறக்குறைய 25 வாட். ஆக, அசையாமல் நிற்கும் அந்தக் கற்றையை நேராகப் பார்ப்பது ஒரு கிலோமீட்டர் தூரம்வரை கண்ணுக்குக் கேடு. காயம் நேராத தொலைவுக்குப் போனபின்னும் ஒளியின் தொல்லை முடிந்துவிடுவதில்லை. விமானியின் கண் சில விநாடிகள் இருண்டுபோகும் ஒளிக்குருட்டுக்கு வரம்பாக வைத்திருக்கும் செறிவு, காயத்துக்குரிய அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. இதே கற்றை அந்த வரம்புக்கு இறங்குவது 5 கிலோமீட்டரில். கண் கூசும் அளவுக்குக் கீழே போவதற்கு 22 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கவனம் சிதறும் அளவுக்கும் கீழே போக வேண்டுமென்றால், காற்றில் ஒளி குன்றாது என்று கொண்ட கணக்கில், 200 கிலோமீட்டரையும் தாண்டும். நம் கண் பச்சைக்கு மிகவும் கூர்மையானது, நீலத்துக்கு அவ்வளவு இல்லை. ஆகவே கூச்சம், கவனச் சிதறல் ஆகியவற்றின் தொலைவுகள் நீலக் கற்றைக்குக் கணிசமாகக் குறையும். காயத்தின் தொலைவு அப்படிக் குறையாது. மங்கலாகத் தெரியும் நீல லேசரை ஆபத்தில்லாதது என்று நம்புவது இதனால்தான் தவறு.

இந்தத் தொலைவுகள் விமானங்களுக்கு என்ன பொருள் தருகின்றன என்பதை 1995 அக்டோபரில் லாஸ் வேகாஸ் காட்டியது. அங்கிருந்து மேலெழும்பிக்கொண்டிருந்த சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானத்தின் துணை விமானி, தரையிலிருந்து வந்த லேசர் ஒளி பட்டுப் பார்வை தடுமாறினார். விமானத்தைத் தலைமை விமானி ஏற்று இயக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அந்நகரைச் சுற்றி நடந்துவந்த திறந்தவெளி லேசர் காட்சிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதுவரை விதிமுறைகள் விழித்திரைக் காயத்தை மட்டுமே கணக்கில் கொண்டிருந்தன. தரையிறங்கும் விமானம் ஓடுதளத்திலிருந்து 5 கிலோமீட்டரில் ஏறத்தாழ 260 மீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த நேரத்தில் விமானி அறையின் கண்ணாடியில் உள்ள நுண்ணிய கீறல்களில் ஒளி சிதறிக் கண்ணாடி முழுதும் பச்சையாக நிறைந்தால், விழித்திரைக்கு எந்தக் காயமும் இல்லாமலே ஒரு விபத்துக்கு வழி திறந்துவிடும். இந்த உண்மையை ஏற்றுக்கொண்டபின் விமான நிலையங்களைச் சுற்றி அடுக்கடுக்கான மண்டலங்கள் வகுக்கப்பட்டன. ஓடுதளத்தையும் அதன் நேர்நீட்சியையும் ஒட்டிய உட்பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு 50 நானோவாட்டுக்கு மேல் ஒளி நுழையக் கூடாது. விமான நிலையத்திலிருந்து 18.5 கிலோமீட்டர் ஆரத்துக்குள், ஒரு குறிப்பிட்ட உயரம்வரை, 5 மைக்ரோவாட். தேவைப்படும் இடங்களில் அதற்கு வெளியே 100 மைக்ரோவாட். பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கென 2003-இல் ஒரு கையேட்டையே வெளியிட்டது.

அமெரிக்காவில் திறந்தவெளிக் காட்சி நடத்துபவர் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். வகை 4, அதற்கு அடுத்துக் கீழே உள்ள வகை 3பி ஆகிய லேசர்களைக் காட்சிக்குப் பயன்படுத்த உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் தனி அனுமதி வேண்டும். கற்றை வான்வெளிக்குள் போகுமென்றால் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு இடத்தின் ஆள்கூறு, ஏவும் திசை, ஏற்றக் கோணம், ஆற்றல், விரிவு, நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தந்து, மறுப்பில்லை என்ற பதிலைப் பெற வேண்டும். விமானிகளுக்கு அறிவிப்பு போகும். காட்சி நடக்கும்போது வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர்கள் நிறுத்தப்படுவார்கள். விமானம் நெருங்கினால் யாரையும் கேட்காமல் காட்சியை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. இந்த இறுதிக் கூறு பல இடங்களில் பெயரளவில் மட்டுமே இருப்பது வருத்தத்துக்குரியது. இசையோடு நேரம் பொருத்தித் தொகுக்கப்பட்ட காட்சியை நடுவில் அணைக்கச் சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்மையாகவே இருக்கிறதா என்பதில்தான் ஒரு குழுவின் தரம் தெரியும்.

நேர்மையாக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 2023-இல் மட்டும் விமானங்கள்மீது லேசர் ஒளி பட்டதாக 13,000-க்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாயின; அவற்றில் மிகப் பெரும்பாலானவை கையடக்கச் சுட்டுலேசர்களால் வந்தவை. முறையாக அனுமதி பெற்று நடத்தப்படும் காட்சிகளின் பதிவு இதனோடு ஒப்பிடத்தக்கதன்று, மிக நன்றாகவே இருக்கிறது. விதிமுறை பயனற்றது என்று சொல்பவர்களுக்கு இதுவே போதுமான விடை.

வானத்தைத் தொடாமலேயே பெரிய காட்சி நடத்த முடியும். ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மவுன்டனில் 1983-இலும், வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே உள்ள கிராண்ட் கூலி அணையில் 1989-இலும் கோடைக்கால லேசர் காட்சிகள் தொடங்கின. ஓரிடத்தில் கருங்கல் மலைமுகம் திரையாகிறது. மற்றோரிடத்தில் அணையின் கான்கிரீட் சரிவின்மேல் தண்ணீரை வழியவிட்டு, அந்த வெண்ணுரையைத் திரையாக்கினார்கள். கற்றை புறப்படும் இடமும் முடியும் இடமும் கண்ணெதிரே இருக்கின்றன. இடையில் பார்வையாளரின் தலைக்கு மேலே ஓர் ஒளிக்கூரை மட்டும் கடந்துபோகிறது. கடைமடையைப் பார்த்துவிட்டு வாய்க்காலைத் திறக்கும் விவசாயியின் முறை இது. ஹாங்காங்கின் நிலை வேறு. அங்கே விக்டோரியா துறைமுகக் கரையின் கட்டடங்களை மேடையாக்கி 2004 ஜனவரியில் ‘சிம்ஃபனி ஆஃப் லைட்ஸ்’ தொடங்கியது. துறைமுகத்தின் ஓரத்திலேயே இருந்த காய் டாக் விமான நிலையம் 1998 ஜூலையில் மூடப்படும்வரை, விமானிகள் குழம்பக்கூடும் என்பதால் அந்தப் பகுதியில் மினுங்கும் விளம்பர விளக்குகளுக்கே தடை இருந்தது. விமான நிலையம் லாண்டாவ் தீவை ஒட்டிய செக் லாப் கோக்குக்கு நகர்ந்ததாலேயே அந்த வானம் ஒளிக்குத் திறந்தது எனலாம். காட்சிக்குரிய இடத்தைத் தேர்வதே பாதுகாப்பின் பெரும்பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மலையோ சுவரோ இருந்தால் மட்டும் போதாது. நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல், பளபளக்கும் எஃகுக் கைப்பிடி, நனைந்த தரை இருந்தால் கற்றை திசைமாறி மீண்டும் கூட்டத்துக்குள் வரும். ஆகவே தேர்ந்த குழுக்கள் பகல் வெளிச்சத்திலேயே இடத்தைச் சுற்றிப் பார்த்து, எதிரே பளபளப்பான எதுவும் இருந்தால் அந்தப் பகுதியைக் கருவியின் வாயிலிலேயே உலோகத் தகட்டால் மறைத்துவிடுகிறார்கள். மென்பொருளில் எல்லை வரைந்துகொள்ளும் வசதி பல கருவிகளில் இருக்கிறது; ஆனால் மென்பொருள் உறைந்துபோகலாம், யாராவது தெரியாமல் வேறொரு கோப்பைத் திறந்துவிடலாம். திருகிப் பொருத்திய தகடு அப்படி மாறாது. காற்று இன்னொரு பகை. உயரமான உலோகச் சட்டகமான ட்ரஸ் ஒன்றில் பொருத்திய கருவி ஒரு பாகைக்கும் குறைவாக அசைந்தாலே, 200 மீட்டர் தள்ளிக் கற்றை மூன்று மீட்டருக்கு மேல் விலகியிருக்கும். கற்றையைத் திருப்பிவிட நிறுத்தும் கண்ணாடிகளும் அப்படியே. கூட்டம் சாயக்கூடிய தடுப்புக்கம்பியில் அவற்றைக் கட்டுவது எந்தக் காரணத்தைச் சொன்னாலும் ஏற்கத்தக்கதன்று.

கற்றையைக் கூட்டத்துக்குள்ளேயே இறக்குவது தனியாகப் பேச வேண்டிய பொருள். அமெரிக்க விதிப்படி, இயக்குபவர் உடனிருந்து கவனிக்கும் காட்சியிலும், பார்வையாளர் நிற்கும் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் கீழும், பக்கவாட்டில் 2.5 மீட்டருக்குள்ளும் கற்றை வரக் கூடாது. தனியாக மதிப்பிட்டு அனுமதிக்கப்பட்ட காட்சிகள் மட்டுமே விலக்கு. ஆனால் பார்வையாளரை நோக்கி வரும் கற்றையே அவர்களுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும். தூசும் ஈரத்துளிகளும் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறவிடுவதே அதற்குக் காரணம். பின்னாலிருந்து பார்த்தால் மங்கல், எதிரே நின்று பார்த்தால் கண்ணைப் பறிக்கும். இந்த இயற்பியலே இயக்குபவரைக் கூட்டத்தின் பக்கம் இழுக்கிறது. அவர் தரும் சமாதானம், கற்றை அசைந்துகொண்டே இருப்பதால் ஒருவர் கண்ணில் அது தங்காது என்பது. அது ஓரளவுக்கு உண்மை. கருவிக்குள் இரண்டு சிறு கண்ணாடிகள் விநாடிக்குப் பல்லாயிரம் புள்ளிகளைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று நின்றால் விசிறி கோடாகும். இரண்டும் நின்றால் முழு ஆற்றலும் ஒரே புள்ளியில் குவியும். கண்ணாடி நின்றதை உணர்ந்து சில மில்லிவிநாடிகளில் ஒளியை வெட்டும் காப்பு மின்சுற்று அதற்காகவே உண்டு. மலிவான கருவிகள் சிலவற்றில் அது பெயருக்குத்தான் இருக்கும். நானோவிநாடித் துடிப்புகளாக ஒளிவிடும் லேசரைக் கூட்டத்தின்மேல் ஏவுவதற்கோ எந்தச் சமாதானமும் கிடையாது. இமை மூடுவதற்கு வெகு முன்பே ஒரே துடிப்பு தன் வேலையை முடித்துவிடும்.

இந்தியாவில் இது ஊகமாக இருந்த காலம் கடந்துவிட்டது. 2023-இல் மகாராஷ்டிரத்தில் விநாயகர் ஊர்வலங்களுக்குப் பிறகு விழித்திரைக் காயங்களுடன் இளைஞர்கள் கண் மருத்துவர்களிடம் வந்தார்கள். நாசிக்கிலிருந்து வந்த செய்திகள் நாடெங்கும் பேசப்பட்டன. மறு ஆண்டு ஊர்வலக் காலத்தில் புனே காவல்துறை லேசர் கற்றைகளுக்குத் தடை விதித்தது. தடை வந்தது நல்லதே. ஆனால் விழாக்காலம் முடிந்ததும் தடையும் முடிந்துவிடும், வாடகைக் கடையில் கருவி அப்படியே இருக்கும். ஊர்வலத்தில் வாகனத்தின்மேல் வைத்த லேசருக்குக் கற்றை முடியும் இடம் என்று ஒன்று இருக்கவே முடியாது, ஏனெனில் வண்டி நகர நகர எதிரே வரும் மாடிவீடும் பால்கனியில் நிற்கும் குழந்தையும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே பயிற்சி, காப்புச் சுற்று எதுவும் போதாது. அந்த வடிவமே லேசருக்குப் பொருந்தாது.

நிலையான இடத்தில் நடக்கும் காட்சிக்கு அனுமதி வழங்கும் மாவட்ட நிர்வாகமோ காவல்துறையோ பெரிய நிபுணத்துவம் இல்லாமலே சிலவற்றைக் கேட்டுப் பெறலாம். ஒவ்வொரு கருவியும் எங்கே நிற்கிறது, அதன் கற்றை எந்தத் திசையில் எந்தக் கோணத்தில் போய் எதில் முடிகிறது என்று காட்டும் வரைபடம் முதலில் வேண்டும். வானத்தில் முடிகிறது என்று பதில் வந்தால், அருகிலுள்ள விமான நிலையத்தின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலிருந்து எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். மேற்சொன்ன கணக்கின்படி 20 கிலோமீட்டர் தொலைவும் பெரிய தொலைவன்று; ஹெலிகாப்டர்கள் எங்கும் பறக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. மழை, புழுதிக்காற்று, கூடாரம், புதிதாக எழும்பிய விளம்பரத் தட்டி என்று களத்தில் ஏதாவது மாறினால் வரைபடம் செல்லாது, மறுபடி கணக்கிட்டபின்னரே காட்சி தொடரும் என்று அனுமதியிலேயே எழுதிவைக்க வேண்டும். கிர்ஷாசில் இந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தால் போதும்.

அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். மேடைக்குப் பின்னால், இசைக் கலவைப் பலகையின் அடியில் அது இருந்தால் பயனில்லை. கற்றைகள் முழுவதையும், கூட்டத்தையும், வானத்தையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய இடத்தில், அந்த வேலையைத் தவிர வேறு வேலையில்லாத ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டும். காட்சி தொடங்குவதற்கு முன், அனுமதி அளித்த அதிகாரியின் கண்ணெதிரே அதை ஒருமுறை அழுத்தி, எல்லாக் கருவிகளும் அணைகின்றனவா என்று பார்த்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.